ஒரே கதையில் மூன்று சட்டைகள்

மார்க்கக் கல்வி: வாசகர் கேள்வி - பதில்

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வழியே இஸ்லாமிய மார்க்கம் கற்றுத் தருவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நபிமார்கள் வரலாறு எடுக்கிறேன். புத்தகத்தை வாசித்து, வரிக்கு வரி விளக்குகிறேன். ஐந்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. ஒருவன் பென்சில் சீவ எழுந்துவிடுகிறான், இன்னொருவன் ஜன்னலைப் பார்க்கிறான். கதைதானே சொல்கிறேன், ஏன் கவனிக்க மாட்டேன் என்கிறார்கள்? - மக்தப் (குர்ஆன் ஆரம்பப் பள்ளி) ஆசிரியர் ஒருவர்

பதில்: நீங்கள் வாசிப்பது கதையைப் பற்றிய குறிப்பு. கதை இன்னும் வகுப்புக்குள் வரவே இல்லை. "யூசுஃப் (அலை) அவர்கள் யஃகூப் (அலை) அவர்களின் மகனாவார், அவர்களுக்குப் பல சகோதரர்கள் இருந்தனர்" என்ற வரியில் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் எதுவும் நிற்பதில்லை. குர்ஆன் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 12ஆம் அத்தியாயத்தின் 4ஆம் வசனத்திலேயே ஒரு மகன் தந்தையிடம் பேசிக்கொண்டிருக்கிறார்: "என் தந்தையே, பதினொரு நட்சத்திரங்களையும் சூரியனையும் சந்திரனையும் கண்டேன்; அவை எனக்குப் பணியக் கண்டேன்." அறிமுகமும் இல்லை, முன்னுரையும் இல்லை. நீங்களும் அங்கேயே தொடங்குங்கள்.

இந்த வரலாற்றில் ஆசிரியர்களுக்குப் பெரிய உதவி ஒரு சட்டை. மூன்று இடங்களில் அது வருகிறது. யூசுஃபை ஓநாய் தின்றுவிட்டது என்று சொல்ல, சகோதரர்கள் பொய்யான ரத்தத்தைப் பூசிக் கொண்டுவந்த சட்டை (வசனம் 18). பின்புறம் கிழிந்திருந்ததால் யூசுஃப் (அலை) அவர்கள் குற்றமற்றவர் என்று காட்டிய சட்டை (25 முதல் 28 வரை). தந்தையின் முகத்தில் போட்டதும் பார்வை திரும்பிய சட்டை (93, 96). முதலில் பொய் சொல்ல வந்தது, பிறகு உண்மை சொன்னது, கடைசியில் ஆறுதல் தந்தது. மூன்றையும் மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கனவிலிருந்து 20ஆம் வசனம் வரை, அதாவது சொற்ப திர்ஹம்களுக்கு விற்கப்படும் வரை. இரண்டாம் நாள் சட்டை கிழிந்ததும் சிறையும் அரசரின் கனவும். மூன்றாம் நாள் சகோதரர்கள் தானியம் கேட்டு வருவது முதல் இறுதி வரை.

ஒரு சாதாரண வெள்ளைச் சட்டையை மடித்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு போங்கள். சிவப்பு மை எதுவும் பூச வேண்டாம். கறையைப் பிள்ளைகளின் மனமே பூசிக்கொள்ளும். "அவர்கள் இரவானதும் அழுதுகொண்டே தந்தையிடம் வந்தார்கள்" என்ற 16ஆம் வசனத்தைச் சொல்லும் வரை பையைத் திறக்காதீர்கள். பிறகு சட்டையை எடுத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, மூன்று விநாடி ஒன்றும் பேசாமல் இருங்கள். வகுப்பு தானாக அடங்கும். இரண்டாம் நாள் அதே சட்டையைத் திருப்பி முதுகுப் பக்கத்தைக் காட்டுங்கள். மூன்றாம் நாள் மேசையில் விரித்து வையுங்கள், அவ்வளவுதான். யாருக்கும் அணிவிக்கக் கூடாது, யார் முகத்திலும் போட்டுக் காட்டவும் கூடாது. நபிமார்களாக நடித்துக் காட்டுவது நம் வகுப்பில் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிணற்றில் போடப்படும்போது, "இவர்களுடைய இந்தச் செயலை ஒருநாள் நீர் இவர்களுக்கு எடுத்துச் சொல்வீர்" என்று அல்லாஹ் அவருக்கு அறிவிக்கிறான் (15). பல ஆண்டுகள் கழித்து, 89ஆம் வசனத்தில் அது அப்படியே நடக்கிறது: "யூசுஃபுக்கு என்ன செய்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?" முதல் நாள் 15ஆம் வசனத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டால் மூன்றாம் நாளின் பாதி பலம் போய்விடும். பெரும்பாலான சுருக்கக் கதைப் புத்தகங்கள் விட்டுவிடும் வரி இதுதான்.

அரண்மனை வீட்டுப் பெண் பற்றிய பகுதியை எப்படிச் சொல்வது என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. "அந்த வீட்டுப் பெண் ஒரு தப்பான காரியத்துக்குக் கூப்பிட்டார். அவர் மறுத்து வாசலை நோக்கி ஓடினார். பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததில் கிழிந்தது" என்பது பத்து வயதுக்குள் போதும். இதில் பொய்யும் இல்லை, அதிகப்படியும் இல்லை. அந்தப் பெண்ணின் பெயர் குர்ஆனில் இல்லை, நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

தயாரிப்புக்கு முந்தின இரவு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வசனங்களையும் பொருளையும் மூன்று முறை படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஏழே வரியில் எழுதுங்கள். அந்த ஏழில் முதல் வரியும் கடைசி வரியும் சொல்லுக்குச் சொல் மனப்பாடமாக இருக்க வேண்டும். நடுவில் உள்ளதை உங்கள் பேச்சில் சொல்லலாம். நடுவில் தடுமாறினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், தொடக்கத்தில் தடுமாறினால் அவர்களைத் திரும்பப் பிடிக்க முடியாது. கடிகாரம் வைத்து ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இந்த வயதுக்குப் பத்து நிமிடம். பன்னிரண்டைத் தாண்டினால் வெட்டுங்கள்.

குரல் பற்றி ஒரு வார்த்தை. அல்லாஹ்வின் கூற்று வரும் இடத்தில் குரலை மாற்றி நடிக்கக் கூடாது. அந்த வசனத்தை அரபியில் ஓதிவிட்டுப் பொருளை நிதானமாகச் சொல்லுங்கள். நபிமார்களின் பேச்சையும் உங்கள் இயல்பான குரலிலேயே சொல்லுங்கள். கிணற்றில் வாளி இறக்கியவன் "நல்ல செய்தி! இதோ ஒரு சிறுவன்!" என்று கத்தும் இடத்தில் வேண்டுமானால் குரலை உயர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி: எந்தக் கதை சொன்னாலும் முடிவில் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்பேன். எல்லாக் கதைக்கும் "பொய் சொல்லக் கூடாது, உம்மா வாப்பா பேச்சைக் கேட்க வேண்டும்" என்றே பதில் வருகிறது. - ஆலிமா (மார்க்கக் கல்வி கற்றவர்) ஒருவர்

பதில்: அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்கும் என்பதைப் பிள்ளைகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதைச் சொன்னால் வகுப்பு முடியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வியை ஒரு மாதம் கேட்காமல் இருந்து பாருங்கள்.

அதற்குப் பதில் கதைக்கு உள்ளே போய்க் கேளுங்கள். "அவர்கள் ஏன் பகலில் வராமல் இரவானதும் வந்தார்கள்?" என்று கேட்டால் ஓர் எட்டு வயதுப் பிள்ளை சிறிது நேரம் யோசிக்கும். "முகம் தெரியக் கூடாதுன்னு" என்று ஒருவன் சொல்வான். "நெஜமா அழலையே, வெளிச்சத்துல தெரிஞ்சிடுமே" என்று இன்னொருத்தி சொல்வாள். பொய்க்கு இருட்டு தேவைப்படுகிறது என்பதை அந்தப் பிள்ளைகளே எடுத்துவிட்டார்கள். ஓநாய் தின்றிருந்தால் சட்டை எப்படி இருக்க வேண்டும் என்று கேளுங்கள், "கிழிஞ்சிருக்கணும்" என்பார்கள். சட்டை கிழியாமல் இருந்ததை யஃகூப் (அலை) அவர்கள் கவனித்தார்கள் என்று குர்ஆன் விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள், வசனத்தில் அது நேரடியாக இல்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

கேட்டபின் குறைந்தது ஐந்து விநாடி காத்திருங்கள். நாம் பொதுவாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை. கையைத் தூக்கும் அதே மூன்று பிள்ளைகளே ஆண்டு முழுக்கப் பதில் சொல்வதற்கு அதுதான் காரணம். கேள்வியைப் போட்டுவிட்டு, "பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள்" என்று அரை நிமிடம் கொடுத்தால் கூச்சப் பிள்ளைக்கும் வாய் திறக்கும்.

பதில் தப்பாக வந்தால்? கதையில் நடந்ததை மாற்றிச் சொன்னால் உடனே திருத்துங்கள். கருத்து வேறாக இருந்தால் திருத்தாதீர்கள். "நானா இருந்தா மன்னிச்சிருக்க மாட்டேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதட்ட வேண்டாம். "இன்று உங்கள் மீது எந்தப் பழிப்பும் இல்லை" என்ற 92ஆம் வசனம் எவ்வளவு பெரிய சொல் என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் வகுப்பிலேயே நன்றாகப் புரிந்திருக்கிறது.

கேள்வி: நபி (ஸல்) அவர்கள் மீது தினமும் குப்பை கொட்டிய மூதாட்டி நோயுற்றபோது, அவர்களே போய் நலம் விசாரித்த கதையைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை. இது ஆதாரமில்லாதது என்கிறார் ஒரு நண்பர். நல்ல கருத்துதானே, சொன்னால் என்ன? - தொடக்கப்பள்ளி ஆசிரியை

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரி. அந்தக் கதைக்கு அறியப்பட்ட ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில், யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர் இல்லை. நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை, செய்யாததை அவர்கள் பெயரால் சொல்வது எவ்வளவு பாரமான காரியம் என்பதை நாமே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். நல்ல கருத்து என்பது அதற்கு விலக்கு ஆகாது. நடைமுறையிலும் ஒரு கேடு இருக்கிறது. இந்தப் பிள்ளை பதினைந்து வயதில், "அது கட்டுக்கதை" என்று எங்காவது படிக்கும். அன்றைக்கு அந்த ஒரு கதையோடு நிற்காது; நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் உண்மையா என்ற சந்தேகமும் வரும்.

அதே பண்பைக் காட்டும் ஆதாரமுள்ள செய்திகள் நிறைய இருக்கின்றன. ஒரு கிராமவாசி நபி (ஸல்) அவர்களின் முரட்டுக் கரை போட்ட மேலாடையைப் பிடித்து வேகமாக இழுக்க, கழுத்தில் தடம் பதிந்தது. அவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்து, அவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ளது. நோயாளியை நலம் விசாரித்தது வேண்டுமென்றால், அவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் நோயுற்றபோது போய்த் தலைமாட்டில் அமர்ந்த செய்தி புகாரியில் இருக்கிறது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, தாயிஃப் நகரத்தார் நபி (ஸல்) அவர்களை மறுத்துத் துன்புறுத்திய நிகழ்ச்சி. மலைகளுக்கான வானவர் வந்து, விரும்பினால் இரு மலைகளையும் அந்த மக்கள் மீது கவிழ்த்துவிடுகிறேன் என்றபோது, அவர்களின் சந்ததியிலிருந்து அல்லாஹ்வை வணங்குவோர் வருவார்கள் என்று எதிர்பார்ப்பதாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன இடம். குப்பைக் கதையைவிட இது எத்தனை மடங்கு கனமானது!

நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த ஹிஜ்ரத்தின்போது, அவர்கள் மறைந்திருந்த குகை வாயிலில் சிலந்தி வலை பின்னியது, புறா முட்டையிட்டது என்பவற்றின் வலிமையில் ஹதீஸ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. "கவலைப்படாதீர், அல்லாஹ் நம்மோடு இருக்கிறான்" என்ற சொல்லோ 9ஆம் அத்தியாயம் 40ஆம் வசனத்தில் குர்ஆனிலேயே இருக்கிறது. பாடத்தின் நடுவில் அதை வையுங்கள். உணவு மூட்டையைக் கட்ட வேறு எதுவும் இல்லாமல் தன் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்த அஸ்மா (ரலி) அவர்களும் இந்த நிகழ்ச்சியில்தான் வருகிறார்கள். பெண் பிள்ளைகள் அதைக் கேட்கும்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

வகுப்பில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். மூன்று நிற அட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை என்றால் குர்ஆனில் உள்ளது, நீலம் என்றால் ஹதீஸில் உள்ளது, மஞ்சள் என்றால் நாம் நினைத்துப் பார்ப்பது. "கிணற்றுக்குள் இருட்டாக இருந்திருக்கும்" என்று சொல்லும்போது மஞ்சளைத் தூக்குங்கள். இரண்டு வாரத்தில், "உஸ்தாத், இது மஞ்சளா பச்சையா?" என்று அவர்களே கேட்பார்கள். எந்தக் கதையானாலும் வசன எண்ணையோ ஹதீஸ் நூலின் பெயரையும் எண்ணையுமோ அட்டையின் பின்னால் எழுதிவைத்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோங்கள். எழுத முடியாவிட்டால் அந்தக் கதை அன்றைக்கு இல்லை.

கேள்வி: ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு எந்தக் கதையில் தொடங்கலாம்? - மழலையர் வகுப்பு ஆசிரியை

பதில்: எறும்பில் தொடங்குங்கள். 27ஆம் அத்தியாயம் 18, 19ஆம் வசனங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

படை வருகிறது, பள்ளத்தாக்கில் ஓர் எறும்பு பேசுகிறது: "எறும்புகளே, உங்கள் வீடுகளுக்குள் போய்விடுங்கள்; சுலைமானும் அவருடைய படைகளும் அறியாமல் உங்களை மிதித்துவிடக் கூடாது." சுலைமான் (அலை) அவர்கள் அதைக் கேட்டுப் புன்னகைத்து, அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறார்கள். இதில் 'அறியாமல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு அவசரத்திலும் அந்த எறும்பு அடுத்தவர் மீது கெட்ட எண்ணம் வைக்கவில்லை. ஐந்து வயதுக்கு இதை விளக்க வேண்டாம். "தெரியாமத்தான் மிதிப்பாங்க, இல்லையா?" என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும்.

வழக்கமாக நடக்கும் தவறு, பிள்ளைகளைப் படையாக நடக்கச் சொல்வது. ஒரு நிமிடத்தில் வகுப்பு முழுவதும் தரையை மிதித்துக் கூச்சலிடும், அதன்பின் எறும்பின் சொல் யார் காதிலும் விழாது. எல்லோரையும் எறும்பாக்குங்கள். படையின் காலடியை நீங்கள் மேசையில் விரலால் தட்டி, தூரத்திலிருந்து பக்கத்தில் வருவதுபோல் கூட்டிக்கொண்டே போங்கள். எறும்பின் சொல் முடிந்ததும் பிள்ளைகள் சத்தமில்லாமல் தங்கள் பாய்க்குப் போய் உட்கார வேண்டும்.

அடுத்த வாரம் அபூ உமைரின் குருவி. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி ஒரு சிறு பறவை வளர்த்தார். நபி (ஸல்) அவர்கள் வரும்போதெல்லாம் "யா அபா உமைர், மா ஃபஅலந் நுஃகைர்?" (அபூ உமைரே, அந்தக் குருவி என்ன ஆனது?) என்று விசாரிப்பார்கள். அந்தச் சந்தம் பிள்ளைகளின் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்னப் பையனின் பறவையைப் பற்றி விசாரித்தவர்கள் நம் நபி என்பது அந்த வயதுக்கு எட்டும் செய்தி.

கேள்வி: இப்ராஹீம் (அலை) அவர்களின் தியாகத்தைச் சொன்ன அன்று ஒரு பிள்ளை வீட்டில் இரவெல்லாம் அழுததாம். இத்தகைய வரலாறுகளைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? - மத்ரஸா பொறுப்பாளர்

பதில்: விட வேண்டாம், வயதைப் பாருங்கள். மகனை அறுத்துப் பலியிடக் கனவில் வந்த கட்டளையை எட்டு, ஒன்பது வயதுக்கு முன் விவரிக்காதீர்கள். அதற்குக் கீழே, "அல்லாஹ் பெரிய சோதனை வைத்தான், இருவரும் கீழ்ப்படிந்தார்கள், அல்லாஹ் மகனைக் காப்பாற்றிப் பிராணியைக் கொடுத்தான்" என்ற அளவோடு நிறுத்துங்கள். சொல்லும் வயதிலும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "இந்த வரலாற்றில் யாருக்கும் எந்தக் காயமும் இல்லை. எப்படி என்று பார்ப்போம்." முடிவு தெரிந்தால் சுவை குறையும் என்று பயப்பட வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு அன்று வேண்டியது திகில் அல்ல.

பெரும்பாலான வகுப்புகளில் இந்த உரையாடல் நடக்கும்:

"உஸ்தாத், எங்க வாப்பாவுக்கும் அப்படிக் கனவு வந்தா?"

"வராதும்மா. வந்தாலும் அது வெறும் கனவுதான். நபிமார்களோட கனவு மட்டும்தான் அல்லாஹ்வோட கட்டளை. இனிமே நபி யாரும் வரமாட்டாங்க. அதனால எந்த வாப்பாவுக்கும் அந்தக் கட்டளை கிடையாது."

"அப்ப எங்க வாப்பா செய்ய மாட்டாங்க?"

"செய்யவே கூடாது. அது ஹராம்."

இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். கேட்காத பிள்ளைதான் இரவில் அழும். 37ஆம் அத்தியாயம் 102ஆம் வசனத்தில் தந்தை மகனிடம் கனவைச் சொல்லி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கிறார். கேட்டதையும் மகன் பதில் சொன்னதையும் அழுத்திச் சொல்லுங்கள்; கத்தியைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

நூஹ் (அலை) அவர்களின் மகன் மூழ்குவதும் இதே அளவு கவனம் கேட்கும் இடம். மூஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார் ஒருவரோடு செய்த பயணத்தில் சிறுவன் கொல்லப்படும் பகுதியை ஆரம்ப வகுப்பில் தொடவே வேண்டாம். அதே பயணத்தில் வரும் படகும் சுவரும் போதும்.

கேள்வி: நாடகம் போடலாமா? படம், பொம்மை, கார்ட்டூன் வீடியோ? - பல வாசகர்கள்

பதில்: நபிமார்களாக யாரும் நடிக்கக் கூடாது, அவர்களை வரையவும் கூடாது என்பது அறிஞர்களின் பரவலான நிலைப்பாடு. அதில் கற்பித்தலுக்கும் நன்மை இருக்கிறது. வகுப்பில் சேட்டைக்காரன் ஒருவன் யூசுஃபாக நடித்தால் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவன் முகம்தான் நினைவுக்கு வரும். கார்ட்டூன் முகமும் அப்படியே பதிந்து, பல ஆண்டுகளுக்குப் போகாது. நபிமார்களின் உருவத்தைக் காட்டும் வீடியோவைத் தவிர்த்துவிடுங்கள்.

அந்த இடத்தில் வேடிக்கை பார்த்தவர்களைக் கொண்டுவாருங்கள். கிணற்றுக்கு வந்த வணிகக் கூட்டத்தில் ஒருவர், தானியக் கிடங்கில் வரிசையில் நின்ற ஒருவர் என்று பிள்ளைகள் பேசலாம். அவர்கள் பேசுவது மஞ்சள் அட்டை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். படத்துக்குப் பொருள்களை வரையச் சொல்லுங்கள்: கிணறு, வாளி, கதிர்கள், அளவைக் குவளை. நபி (ஸல்) அவர்களே தரையில் ஒரு சதுரமும், நடுவில் அதைத் தாண்டிப் போகும் ஒரு கோடும், அதைச் சுற்றிச் சிறு கோடுகளும் வரைந்து மனிதனின் ஆயுளையும் ஆசையையும் விளக்கியது புகாரியில் வருகிறது. கரும்பலகையில் நான்கு கோடு போட இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியது ஹதீஸில் உள்ளது. வகுப்பில் உருவப் பொம்மை வைப்பதில் உங்கள் ஆலிம்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூரா (குர்ஆன் அத்தியாயம்) மனனத்துக்குக் கதை உதவுமா? - ஹிஃப்ழ் (குர்ஆன் மனனம்) ஆசிரியர்

பதில்: 105ஆம் அத்தியாயமான ஃபீலில் முயன்று பாருங்கள். ஐந்து வசனம், ஐந்து நாள். முதல் நாள் அரபி ஓதலே வேண்டாம். கஅபாவை இடிக்க யானையோடு வந்த அப்ரஹாவின் படை, அதை அழித்த பறவைகள் என்று நிகழ்ச்சியை மட்டும் சொல்லுங்கள். நபி (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிப், படை பிடித்துக்கொண்ட தன் 200 ஒட்டகங்களைத் திருப்பிக் கேட்டு, "ஒட்டகங்களுக்கு நான் உரிமையாளன், அந்த வீட்டுக்கு ஓர் உரிமையாளன் இருக்கிறான், அவன் அதைக் காப்பான்" என்று சொன்னதாக வரலாற்று நூல்களில் வருவதையும் சேர்க்கலாம், நூல் செய்தி என்று சொல்லிவிட்டு. இரண்டாம் நாள் முதல் இரண்டு வசனம், மூன்றாம் நாள் அடுத்த இரண்டு, நான்காம் நாள் ஐந்தாவது. கடைசி நாள் வசனத்துக்கு ஒன்றாக ஐந்து அட்டைகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லி ஓத வையுங்கள். நிகழ்ச்சியின் வரிசை தெரிந்த பிள்ளைக்கு வசனத்தின் வரிசை தவறாது.

'அபாபீல்' என்பது பறவையின் பெயர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்துவிட்டோம். கூட்டங்கூட்டமாக என்பதுதான் அதன் பொருள். கடைசி வசனம், மென்று தின்னப்பட்ட வைக்கோல் போல ஆக்கினான் என்கிறது. கொஞ்சம் காய்ந்த வைக்கோலைக் கையில் கசக்கி மேசையில் உதிர்த்துக் காட்டுங்கள். யானையில் தொடங்கிய கதை வைக்கோலில் முடிவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

கேள்வி: என் மக்தபில் ஆறு வயதும் பதினொரு வயதும் ஒரே அறையில். ஒருவருக்குப் புரிவது மற்றவருக்குச் சலிப்பு. - உஸ்தாத் ஒருவர்

பதில்: கதை எல்லோருக்கும் ஒன்று, எட்டு நிமிடம். வேலை மூன்று விதம். சின்னவர்கள் நான்கு பொருள் அட்டைகளை வரிசைப்படுத்தட்டும். நடுவர்கள் இரண்டு பேராக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு நிமிடம் திரும்பச் சொல்லட்டும். கேட்பவர் விட்டுப்போனதை ஒன்றாவது கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர்கள் கதை நடக்கும்போதே குர்ஆன் பிரதியான முஸ்ஹஃபைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்வது எந்த வசனம் என்று விரல் வைத்துத் தொடரட்டும். நீங்கள் மாற்றிச் சொன்னால் கை தூக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுங்கள். அதன்பின் சலிப்பு என்ற பேச்சே வராது. உங்கள் தயாரிப்பும் தானாகக் கூர்மையாகும்.

கேள்வி: தொழுகையையும், அதற்கு முன் கை, கால், முகம் கழுவும் உளூவையும் கதையாகவே சொல்லித் தரலாமா? - தாய் ஒருவர்

பதில்: கதை ஆசையைத் தரும், முறையைத் தராது. பிலால் (ரலி) அவர்களின் காலடி ஓசையைச் சுவனத்தில் கேட்டதாக நபி (ஸல்) அவர்கள் சொல்லி, நீர் செய்யும் சிறந்த செயல் எது என்று கேட்க, இரவானாலும் பகலானாலும் உளூ செய்தால் அதைக்கொண்டு தொழுதுவிடுவேன் என்று அவர் சொன்னதை உளூ பாடத்துக்கு முன் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். பிறகு குழாயடிக்குத்தான் போக வேண்டும்.

தொழுகைக்கு மிகப் பொருத்தமான செய்தி, அவசரமாகத் தொழுத ஒருவருடையது. "திரும்பிப் போய்த் தொழும், நீர் தொழவில்லை" என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். "எனக்குக் கற்றுத் தாருங்கள்" என்று அவரே கேட்டபின், ருகூவில் (குனியும் நிலையில்) நிதானமாகும் வரை, எழுந்து நேராக நிற்கும் வரை, சுஜூதில் (நெற்றியைத் தரையில் வைக்கும் நிலையில்) நிதானமாகும் வரை என்று ஒவ்வொரு நிலையையும் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி மிகப் பிடிக்கும். அந்த அவசரத்தை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் மூன்று முறையும் திட்டு வாங்கவில்லை, கற்றுக்கொண்டு போனார் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். பிறகு ருகூவில் குனிந்து, முதுகு அசைவற்று நின்றபின் மூன்று முறை தஸ்பீஹ் (இறைத்துதி) சொல்லச் செய்து பாருங்கள்.

கேள்வி: என் மகன் தினமும் யூனுஸ் நபி கதையையே கேட்கிறான். வேறு சொன்னால் ஒப்புக்கொள்வதில்லை. - தந்தை ஒருவர்

பதில்: அதையே சொல்லுங்கள். ஒவ்வொரு இரவும் ஒரே சொற்களில், ஒரே வரிசையில். மீனின் வயிற்று இருளில் அவர்கள் ஓதிய "லா இலாஹ இல்லா அன்த ஸுப்ஹானக இன்னீ குன்து மினள் ளாலிமீன்" வரும் இடத்தில் ஒரு வாரம் நீங்கள் ஓதுங்கள், அடுத்த வாரம் பாதியில் நிறுத்தி அவன் முகத்தைப் பாருங்கள். மீதியை அவன் முடிப்பான்.